ஸ்வால்பார்டு கப்பல் பயணம்: 300 மீட்டர் தூரத்துக் கரடிக்கு இவ்வளவு செலவா?

#1 முத்துநகர்

2025 ஜூலையில் நானும் என் மனைவியும் ஸ்வால்பார்டு போய் வந்தோம். நார்வேக்கு வடக்கே, வட துருவத்துக்குப் போகும் வழியில் ஆட்கள் குடியிருக்கும் கடைசித் தீவுக்கூட்டம் அது. லாங்இயர்பியென் என்ற ஊரில் கப்பலேறி, பத்து இரவுகள் கழித்து அங்கேயே வந்து இறங்கினோம். பயணிகள் நூற்றுப் பத்துப் பேர். நீச்சல் குளம், கச்சேரி, சீட்டாட்ட மண்டபம் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கூடம், விரிவுரை அறை, மேல்தளம், அதில் வீசும் காற்று. அவ்வளவுதான். மறுநாளைய திட்டத்தை இரவு பலகையில் ஒட்டுவார்கள். காலையில் மூடுபனியோ கடலில் மிதக்கும் உறைபனியோ வந்து அதை மாற்றிவிடும்.

ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கு எடுத்து வைத்தேன். "அந்தப் பணத்துக்குக் காசி, கேதார்நாத் எல்லாம் போய்விட்டு மிச்சமும் வைத்திருக்கலாமே அப்பா" என்றாள் மகள். அவள் சொன்னதில் தவறில்லை.

எழுத வந்த காரணம் வேறு. திரும்பிய நாளிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கரடி பார்த்தீர்களா? பார்த்தோம். ஐந்தாம் நாள் அதிகாலை. அதிகாலை என்று கடிகாரம்தான் சொன்னது, சூரியன் அடிவானத்துக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு இருக்கிறது, மறைவதே இல்லை. அறை ஒலிபெருக்கியில் தணிந்த குரலில் அழைத்தார்கள். மனைவி இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். உறைபனியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி. நடந்தது, உட்கார்ந்தது, படுத்துக்கொண்டது. கப்பல் அதற்கு மேல் நெருங்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படி: பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர்.

கைப்பேசியில் எடுத்த படத்தைப் பேரனுக்கு அனுப்பினேன். "தாத்தா, கரடி எங்கே?" என்று பதில் வந்தது. சிவப்பு வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன்.

முன்பு போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். அப்போது எப்படி இருந்தது? இப்போது போவது வீண் என்பீர்களா? எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

#2 கணக்குப்பிள்ளை

ஐயா, கரடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் எவ்வளவு ஆயிற்று? விசா எப்படி? சாப்பாட்டில் சைவம் கிடைத்ததா? கப்பலில் வாந்தி வந்ததா? கடற்பசுக்களை நிறையப் பார்க்கலாம் என்கிறார்களே, அதாவது பார்த்தீர்களா?

#3 தொலைநோக்கி

நான் 2017இல் போனேன். முத்துநகர் ஐயா மனம் வருந்தக் கூடாது, ஆனால் நீங்கள் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரே பயணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கப்பல் உறைபனியின் விளிம்பில் இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றது. கரடி தானாக நடந்து வந்தது. கப்பலின் முகப்புக்கு நேர் கீழே நின்று மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. சமையலறையில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் மூச்சுக்காற்று ஆவியாக எழுவது படத்தில் தெரிகிறது. என் வீட்டுக் கூடத்தில் இன்றும் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

அந்தக் காலம் போய்விட்டது. அப்போது கரடியைத் தேடிப் போய்த் தொல்லை செய்யக் கூடாது என்றுதான் விதி. இத்தனை மீட்டர் என்ற எண் கிடையாது. இறங்குமிடமும் வழிகாட்டியின் அனுபவத்தைப் பொறுத்தது. இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் கரையிறங்க 43 இடங்கள் மட்டும், கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருந்தால் அங்கே நுழைவே இல்லை. ஓஸ்லோவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அளவுநாடா வைத்து எழுதிய சட்டம். என்னைக் கேட்டால், இப்போது அந்தப் பணத்தைச் செலவழிக்க மாட்டேன்.

#4 முத்துநகர்

கணக்குப்பிள்ளைக்கு முதலில்.

கப்பலுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 7 இலட்சம், இருவர் தங்கும் அறையில், மிகக் கீழ்த்தளத்தில். விமானம், விசா, ஓஸ்லோவில் தங்கியது, குளிருடை எல்லாம் தனி. காப்பீட்டில் மீட்புச் செலவும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள்; ஹெலிகாப்டரை விட்டால் அங்கே வேறு வழியில்லை.

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்வால்பார்டு நார்வேயின் ஆளுகையில் இருந்தாலும் ஷெங்கன் எனும் ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்கு வெளியே. ஓஸ்லோவிலிருந்து அங்கே பறந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு, திரும்பினால் மறுபடி நுழைந்த கணக்கு. ஆகவே இருமுறை நுழைவு விசா வேண்டும். எங்கள் பயண முகவர் ஒருமுறைக்கு விண்ணப்பித்துவிட்டார். தற்செயலாக மனைவிதான் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இல்லாவிட்டால் இந்த இழையை ஏதாவது விமான நிலையப் பெஞ்சிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

சைவம் கிடைத்தது. பத்து நாளும் காளானைப் பத்து விதமாகத் தந்தார்கள். வாந்தி ஒருநாள், வடக்கே திறந்த கடலில் மட்டும். ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழிகளுக்குள் தண்ணீர் தெப்பக்குளம் போல அசையாமல் கிடக்கிறது.

கடற்பசு அங்கே இல்லை. கடற்பசு என்பது எங்கள் மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேய்வது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நீங்கள் கேட்பது வால்ரஸ்: தந்தம் நீண்டிருக்கும், மீசை துடைப்பம் போலிருக்கும், சிப்பி தின்னும். பத்திரிகைகள் இரண்டையும் குழப்பிக் குழப்பி ஆவுளியாவுக்குத் தந்தம் முளைக்க வைத்துவிட்டன. வால்ரஸ் நிறையப் பார்த்தோம். பார்ப்பதற்கு முன்பே முகர்ந்தோம். மீன் ஏலக்கூடத்துப் பின்பக்கம் நின்று பழகிய எனக்கே மூச்சு முட்டியது.

தொலைநோக்கி தம்பி, வருத்தமெல்லாம் இல்லை. படத்தை இங்கே போடுங்கள், பேரனுக்குக் காட்டுகிறேன்.

#5 ஆலா

கரடி, கரடி என்று நீங்கள் எல்லோரும் பேசுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஸ்வால்பார்டு பறவைகளின் தேசம். கரடி அங்கே வாழும் ஒரு பிராணி.

முத்துநகர் அண்ணா, ஹின்லோப்பன் நீரிணைக்குள் போனீர்களா? அங்கே ஆல்கெஃபியெல்லெட் என்றொரு செங்குத்துப் பாறை. கருத்த எரிமலைப் பாறை, உருகி உறைந்தபோது தூண் தூணாகப் பிளந்தது. ஒவ்வொரு தூணின் உச்சியிலும், ஒவ்வொரு விளிம்பிலும் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 60,000 இணைகள். கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, பேரிக்காய் வடிவில். அடியில் படகு நின்றால் பறவை எச்சம் தலையில் விழாமல் திரும்புவது அபூர்வம்.

குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகும்போது, இறகு சரியாக முளைக்காத நிலையிலேயே, அது குதிக்கும். பறக்கத் தெரியாது. தகப்பன் கடலில் நின்று கூப்பிடும். குஞ்சு விளிம்பில் நின்று தயங்கும், எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், பிறகு விழும். தண்ணீரில் விழுந்தால் பிழைத்தது. கரைக்கற்களில் விழுந்தால் பனிநரி காத்திருக்கிறது, மேலே பெரிய கடற்காகங்கள். தப்பித்த குஞ்சைத் தகப்பன் நீந்தியபடியே தெற்கு நோக்கிக் கூட்டிப்போகும். தாய் பின்தங்கிவிடும். வளர்ப்பது தகப்பன் பொறுப்பு.

நான் நேரில் பார்த்ததில்லை. எப்போதாவது போனால் இதற்காகத்தான் போவேன். இதற்கு 300 மீட்டர் விதியும் தடையில்லை. பறவைப் பாறைகளுக்கு 500 மீட்டருக்குள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5 நாட் (மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவே. மெதுவாகப் போனால் இன்னும் நல்லதுதானே!

#6 வெயிலூர்

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டுவிடுகிறேன். பனி உருகுகிறது, கரடி பட்டினி கிடக்கிறது என்று கண்ணீர் விடுகிறோம். பிறகு சென்னையிலிருந்து ஓஸ்லோ, ஓஸ்லோவிலிருந்து லாங்இயர்பியென், அங்கிருந்து டீசல் கப்பல். உருக்குகிறவர்களே உருகுவதைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மே மாதம் 42 டிகிரியில் பஸ்ஸுக்கு நிற்பவன் எவனும் அந்தக் கரடிக்குக் கெடுதல் செய்யவில்லை.

300 மீட்டரா 3 கிலோமீட்டரா என்ற சண்டையே வீண். போகாமல் இருப்பதுதான் சரியான தூரம்.

#7 துருவன்

கடலியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயங்கள்.

முதலில், அந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு சுலபமாகக் கப்பல் போகிறது? கனடா பக்கம் அதே 80 பாகை அட்சரேகையில் கோடையிலும் உறைபனி இறுகிக் கிடக்கிறது. ஸ்வால்பார்டின் மேற்குக் கரையை ஒட்டி அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வடக்கே ஏறிப்போகிறது. அதுதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1596இல் பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி அங்கே எட்டிப் பார்த்ததும், பின்னால் திமிங்கில வேட்டைக்காரர்கள் குவிந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான். இப்போது அதே கதவு அகலத் திறந்துகொண்டிருக்கிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஸ்வால்பார்டு அதிலும் முன்வரிசை. 2020 ஜூலையில் லாங்இயர்பியெனில் 21.7 டிகிரி பதிவானது. கொடைக்கானல் வெயில்!

கரடிக்கு இதில் என்ன? அது சீல் வேட்டையாடுவது கடல் உறைபனியின் மேல் நின்று. பனி இல்லையென்றால் கரையில் ஒதுங்குகிறது, பறவை முட்டைகளைக் குடிக்கிறது, துருவ மானைத் துரத்துகிறது. கொழுத்த சீலுக்கு இவை ஈடாகுமா என்பது கேள்வி. பசியோடு இருப்பதை எழுப்பி நடக்கவைப்பதும் ஒரு செலவுதான். தூரக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இது. ஓஸ்லோ மேசைக்காரருக்கு அளவுநாடா மேல் ஆசை என்பதால் அல்ல.

இரண்டாவது, நமக்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1920 ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் பிரிட்டிஷ் ஆட்சியின் வழியாக இந்தியாவும் ஒரு தரப்பு. 2008இல் நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2014இல் அதற்கு எதிரே உள்ள காங்ஸ்ஃபியோர்டில் ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் இந்தியா ஒரு கருவித் தொகுதியை நங்கூரமிட்டு இறக்கியது, பெயர் இண்டார்க். நீரின் வெப்பம், உப்புத்தன்மை, ஓட்டம் எல்லாவற்றையும் அளக்கும். அதை வடிவமைத்ததில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் உருவான கருவி பனிக்கடலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே மாறும் கடலுக்கும் நம் பருவமழைக்கும் என்ன உறவு என்பது அந்த ஆய்வின் கேள்விகளில் ஒன்று.

வெயிலூர் அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கனமான எரியெண்ணெயை 2022 முதல் ஸ்வால்பார்டு கடற்பகுதி முழுவதும் தடை செய்துவிட்டார்கள். கடலில் எண்ணெய் கொட்ட நேர்ந்தாலும் சேதம் முன்பை விடக் குறைவாக இருக்கும். புகை குறையாது.

#8 வடகடல்

நான் நோர்வேயில் இருக்கிறேன், முப்பத்தைந்து வருடங்களாக. ஊரை விட்டு வந்த புதிதில் பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. எங்களுடைய ஆட்கள் பலர் அப்படித்தான் நோர்வேயின் வடகோடிக்கு வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்து நேராக கொட் மீன் வெட்டும் மேசைக்கு. கோடையில் ஜன்னலுக்குத் தகரத்தாளை ஒட்டிவிட்டுத் தூங்குவோம். கப்பலில் போகிறவர்கள் கண்மூடி ஒன்று கொண்டு போங்கள், தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் கெடும்.

ஸ்வால்பார்டில் வசிக்கவும் வேலை செய்யவும் எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதனால் லாங்இயர்பியெனில் தாய்லாந்துக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பிவிடலாம். முதியோருக்கான பராமரிப்பும் அங்கே இல்லை.

இவ்வளவு கிட்ட இருந்தும் நான் போனதில்லை. மகன் போய் வந்தான். கரடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கப்பலில் இருந்து இறங்கும்போதெல்லாம் சப்பாத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது என்றான். காற்சட்டை மடிப்பு, பைகளின் மூலை எல்லாவற்றையும் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்ய வைத்தார்களாம், வெளி விதை ஒன்றும் தீவுக்குள் போகக்கூடாது என்று. "அம்மா வீட்டை இப்படிக் கூட்டச் சொன்னால் கூட்டமாட்டேன்" என்றான்.

#9 தொலைநோக்கி

துருவன், நீங்கள் சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. கரடியின் நடத்தை தெரிந்த வழிகாட்டிக்கு எங்கே நிற்பது என்று தெரியும் என்கிறேன். சில கரடிகள் ஆயிரம் மீட்டரிலேயே மிரளும், சில கப்பலைச் சட்டை செய்யாது. எல்லாவற்றுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? கரையில் இறங்கும் குழுவுடன் துப்பாக்கி ஏந்திய ஆள் எப்போதும் வருகிறார். முதலில் அவர்கள் இறங்கி மேடு பள்ளமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நம்மை விடுவார்கள். ஒளிக்குண்டு சுட்டு விரட்டுவது முதல் வழி, துப்பாக்கி கடைசி. கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது.

சட்டம் அறிவில்லாமல் இருக்கிறது என்பதுதான் என் வாதம், கரடியைப் பிடிக்காது என்பதல்ல.

#10 ஆலா

> "கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது"

இருந்தது. 2018 ஜூலையில் வடகோடியில் இருக்கும் ஏழு தீவுகளில், நீங்கள் சொல்வதைப் போலவே முதலில் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்த கப்பல் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் பிழைத்தார். கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். அது கடலோரம் உலவிக்கொண்டிருந்தது, தன் வீட்டில். அனுபவமில்லாத காவலர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அளவுநாடாச் சட்டங்களைக் கிண்டல் செய்வதற்கு முன்பு வால்ரஸ் கணக்கைப் பாருங்கள். திமிங்கிலக்காரர்கள் காலத்திலிருந்து தந்தத்துக்கும் கொழுப்புக்கும் தோலுக்குமாகக் கொன்று, முந்நூற்றைம்பது வருடத்தில் ஸ்வால்பார்டில் அநேகமாக இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். 1952இல் நார்வே வேட்டையைத் தடை செய்தது. எத்தனை வருடம் காத்திருந்தார்கள் தெரியுமா? 2006 வான்வழிக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,600. 2018இல் ஏறத்தாழ 5,500. தடை போட்டவர்கள் அந்த எண்ணைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். பனிக்கரடிக்கு 1973இல்தான் பாதுகாப்பு வந்தது. அதற்கு முன்பு பொறித்துப்பாக்கி வைத்துக் கொன்றார்கள்: பெட்டிக்குள் துப்பாக்கி, அதன் முனையில் இறைச்சி, விசையில் கட்டிய கயிறு. கரடி இறைச்சியை இழுத்தால் தலையில் குண்டு. குட்டிகள் பக்கத்தில் நிற்கும்.

#11 தொலைநோக்கி

ஆலா அக்கா, வேட்டைக்காரனையும் புகைப்படக்காரனையும் ஒரே தராசில் போடுகிறீர்கள்.

திமிங்கிலக்காரர்களின் இடத்தை நானும் பார்த்தேன். ஸ்மீரன்பர்க். டச்சுக்காரர்கள் கொழுப்பு உருக்கிய ஊர். அடுப்புகளின் அடித்தளம் வட்ட வட்டமாக இன்றும் மணலில் இருக்கிறது, வழிந்த கொழுப்பு மணலோடு கலந்து சிமெண்டு போல் இறுகிக் கிடக்கிறது. நானூறு வருடம் ஆகியும் அது கரையவில்லை. அந்தக் கடல் முழுக்க இருந்த வில்தலைத் திமிங்கிலங்கள் அந்த அடுப்புகளில் போய்விட்டன. எனக்கும் மனசாட்சி இருக்கிறது. நான் எடுத்தது ஒரு படம்.

#12 கணக்குப்பிள்ளை

சண்டை நடுவே ஒரு சிறு கேள்வி. ரப்பர் படகில் ஏறி இறங்குவது கஷ்டமா? எனக்கு முழங்கால் வலி. என் மனைவிக்கு என் முழங்காலைப் பற்றிய கவலை.

#13 முத்துநகர்

கணக்குப்பிள்ளை, எனக்கும் முழங்கால்தான். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி, படகில் நிற்பவரோடு கைகுலுக்குவது போல் அல்லாமல் முன்கையை முன்கையால் பற்றிக்கொள்ள வேண்டும். வழுக்கினாலும் விடாது. கரையில் இறங்கும்போது முழங்கால் அளவு தண்ணீரில் கால் வைக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் அவர்களே தருவார்கள். எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவர் எங்களை விட நன்றாக இறங்கினார். முடியாத நாளில் படகிலேயே சுற்றிப் பார்க்கலாம். புதிய விதிகளால் இறங்குமிடம் குறைந்துவிட்டதால் பாதிக்கு மேல் படகுச் சுற்றுதான்.

இப்போது என் பதிலைச் சொல்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று சொன்னேன் அல்லவா.

ஆல்கெஃபியெல்லெட் போனோம், ஆலா. மூடுபனி. பாறை தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. பங்குனி உத்திரத்தன்று கோவிலுக்குள் நுழைவதற்கு முன்பு வெளியே கேட்குமே, ஒரு முழக்கம், அதைப் போல. அப்புறம் பனி மேலே தூக்கிக்கொண்டது. படகோட்டி இயந்திரத்தை அணைத்தார். தலைக்கு மேல் நூறு மீட்டர் உயரத்துக்குப் பறவை. கீழே தண்ணீரில் பறவை. இரண்டுக்கும் நடுவே எங்கள் படகு. ஒரு குஞ்சு குதித்ததை மனைவி பார்த்தாள். நான் கேமராவில் மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தேன். அது தண்ணீரில் விழுந்ததா கற்களில் விழுந்ததா என்று அவளிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் புரோஸ்வெல்புரேன். பனிச்சுவர் ஒன்று கடலில் வந்து முடிகிறது. அது ஆஸ்ட்ஃபோன்னா என்ற பனிக்கவிகையின், அதாவது நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிப்பரப்பின் விளிம்பு, அந்த விளிம்பு மொத்தம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளம். தூத்துக்குடியிலிருந்து மதுரை போய், அதற்கு மேலும் கொஞ்சம் போனால்தான் அந்தத் தூரம். அவ்வளவும் சுவர். அதிலிருந்து அருவிகள் விழுகின்றன. குற்றாலம் போல ஒன்றல்ல, ஐந்தல்ல, கண்ணுக்கு எட்டியவரை. முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். விரிவுரை தரும் பெண் பக்கத்தில் நின்றிருந்தார். இதெல்லாம் கவிகையின் மேலே உருகி வரும் தண்ணீர் என்றார். கைதட்டல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மறுபடி படம் எடுக்கத் தொடங்கினார், பிறகு எல்லோரும். நானும்.

நி-ஓலெசுண்டில் ஹிமாத்ரியின் வாசலில் நின்று மனைவியைப் படம் எடுத்தேன். அந்த ஊரில் கைப்பேசியின் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்துவிட வேண்டும். விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்கும் ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஊரே அமைதி. அமைதியைக் கெடுத்தது துருவ ஆலா என்ற பறவை. கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர் தலையில் கொத்துகிறது. குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் குச்சியைக் கொத்தும். (உங்கள் பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள், ஆலா.)

கரடியிடம் வருகிறேன். அந்தப் புள்ளியை நாங்கள் இரண்டு மணி நேரம் பார்த்தோம். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் 300 மீட்டர் என்பது முப்பத்தேழு மீட்டர் போலத் தெரியும், துருவன் கணக்கைச் சரிபார்க்கலாம். அது எங்களைப் பார்க்கவே இல்லை. ஒருமுறைகூட. பனி விளிம்பில் கிடந்து பாதங்களை நக்கியது, புரண்டு முதுகைத் தேய்த்தது, ஒரு பனித்துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சறுக்கி விழுந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பதைப் போலச் சுற்றிலும் பார்த்தது. எங்கள் பக்கம் மட்டும் பார்வை நிற்கவில்லை. நாங்கள் அங்கே இல்லாதது போலவே இருந்தது.

எனக்குப் பணம் வீணாகவில்லை.

#14 வெயிலூர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

#15 முத்துநகர்

நிற்கட்டும் தம்பி. நானும் அதைத் தாண்டிப் போகவில்லை.

#16 தொலைநோக்கி

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

முத்துநகர் ஐயா பேரனுக்குக் காட்டப் படம் கேட்டிருந்தார். மூலக்கோப்பைத் தேடப் பழைய வன்தட்டைத் திறந்தேன். அன்றைக்கு எடுத்தது 612 படங்கள். கூடத்தில் மாட்டியிருப்பது 588ஆவது. கடைசி ஐம்பதை மட்டும்தான் அப்போது பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மற்றவற்றில் கரடி சிறியதாக இருந்தது, அதனால் திறக்கவே இல்லை.

இப்போது முதலிலிருந்து பார்த்தேன். முதல் படம் காலை 6:12. கரடி உறைபனியில் குப்புறப் படுத்திருக்கிறது. நான் அது தூங்குகிறது என்று நினைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தால் அதன் மூக்குக்கு முன்னால் ஒரு கரிய துளை. சீல் மூச்சுவிட வரும் துளை. அடுத்த நாற்பது நிமிடம், இருநூறு படங்களில், அது அசையவில்லை. காதுகூட. 6:50க்குக் கப்பல் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும், கோணம் மாறுகிறது. 6:53இல் தலையைத் தூக்கி எங்களைப் பார்க்கிறது. 6:58இல் எழுந்து நிற்கிறது. 7:04இல் நடந்து வருகிறது. அப்புறம் என் புகழ்பெற்ற மூச்சுக்காற்று.

அது "தானாக நடந்து வந்தது" என்று #3இல் எழுதியிருக்கிறேன். எட்டு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

அன்றைக்கு எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வழிகாட்டி மட்டும் தனியே நின்றிருந்தார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. உடல்நிலை சரியில்லையோ என்று நினைத்தேன்.

ஐயா, பேரனுக்கு எந்தப் படத்தை அனுப்பட்டும்? 588ஐயா, இல்லை 140ஐயா? 140இல் கரடி மிகச் சிறியது. வட்டம் போட வேண்டியிருக்கும்.

#17 முத்துநகர்

140ஐ அனுப்புங்கள். துளை இருக்கும் இடத்திலும் ஒரு வட்டம் போடுங்கள்.

#18 கணக்குப்பிள்ளை

அந்த எட்டு மடங்குத் தொலைநோக்கி கப்பலில் வாடகைக்குக் கிடைக்குமா, இல்லை இங்கிருந்தே வாங்கிப் போக வேண்டுமா?